கோகுல் பாபு கேட்ட அர்த்தம்

போன மாதம் பாலிகஞ்சில் ஒரு கல்லூரியில் தொலைக்காட்சி பற்றிப் படிக்கும் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு இப்படி யாராவது கூப்பிட்டால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. என் முகம் ஒருநாளும் திரையில் வந்ததில்லை. நிகழ்ச்சி முடிந்து வேகமாக ஓடும் பெயர்களுக்கு நடுவே ‘விருந்தினர் ஆய்வு: வசந்தா’ என்று ஒரு நொடி தெரியும், அவ்வளவுதான்.

“மேடம், அந்த ஷோவில கெஸ்ட்டுங்க சொன்ன ஜோக் எல்லாம் நீங்க எழுதிக் கொடுத்ததா, அவங்களாச் சொன்னதா?” என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

“ரெண்டும் இல்லை” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டதால் விளக்கவும் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வரும். கல்கத்தாவில் சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு, வீட்டோடு உட்கார்ந்து டிவி பார்க்கிற நேரம். ஆனால் படம்பிடித்ததெல்லாம் வியாழக்கிழமை மத்தியானம், டாலிகஞ்சில் ஒரு பழைய ஸ்டுடியோவில். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஹவுரா பாலம் விளக்குகளோடு வரைந்த திரை, ஒரு நீள சோபா, அதை ஒட்டி ஷுபோவின் மேஜை. ஷுபோ எங்கள் தொகுப்பாளர். கூர்மையான வாய், ஆனால் யாரையும் ரத்தம் வரும்படி கடிக்காதவன். பார்வையாளர்கள் கல்லூரிகளிலிருந்தும் பாடா கிளப் என்கிற தெருச் சங்கங்களிலிருந்தும் பஸ்ஸில் வருவார்கள். ஏசியைப் பற்கள் தந்தியடிக்கும் அளவுக்குக் கூட்டி வைப்போம். கதகதப்பாக உட்கார்ந்தால் ஜனங்கள் புன்னகைப்பார்கள், குளிரில்தான் சத்தமாகச் சிரிப்பார்கள் என்பது எங்கள் தயாரிப்பாளர் அமியோ-தாவின் கணக்கு.

அமியோ-தாதான் (‘தா’ என்றால் அண்ணா) என்னை வேலைக்கு எடுத்தவர். அதற்கு முன் ஒரு விளம்பரக் கம்பெனியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நேர்முகத்தில் அரை மணி நேரம் வங்காளியில் பேசவிட்டு, பிறகுதான் விண்ணப்பத்தைப் பார்த்தார். “நீங்கள் தமிழா? பேச்சில் தெரியவே இல்லையே” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக எங்களை ‘துமி’ என்று நீ போட்டுப் பேசுகிறவர், ‘ஆப்னி’ என்று நீங்கள் போட ஆரம்பித்தால் மேக்கப் பையன்வரை எல்லோரும் காணாமல் போய்விடுவார்கள்.

என் வேலை இதுதான். விருந்தினர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். டேப் ரிக்கார்டர் கூடாது, நோட்டுப் புத்தகம் மட்டும். கேள்விகள் கேட்பதைவிட, எந்த இடத்தில் அவர் தன்னையறியாமல் சிரிக்கிறார் என்று பார்ப்பதுதான் முக்கியம். திரும்பி வந்து ஷுபோவுக்கு ஐந்து மஞ்சள் அட்டைகள் எழுதுவேன். ஒரு அட்டைக்கு ஒரு கதை. மேலே கேள்வி, நடுவில் கதையின் போக்கு. ஆனால் கதையின் முடிவை மட்டும் எழுதக் கூடாது. அது அமியோ-தாவின் முதல் சட்டம். முடிவு தெரிந்துவிட்டால் ஷுபோ நடிகனாகிச் சிரிப்பான், தெரியாவிட்டால் மனுஷனாகச் சிரிப்பான் என்பார். முடிவுகளை வேறொரு வெள்ளைத் தாளில் எழுதி அமியோ-தாவிடம் மட்டும் கொடுப்பேன். எந்தக் காமிராவை எப்போது தயாராக வைப்பது என்று கட்டுப்பாட்டு அறையில் அவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.

இரண்டாவது சட்டம் ஒரு மணி நேரச் சட்டம். படப்பிடிப்புக்கு முந்தைய ஒரு மணி நேரம் விருந்தினரிடம் யாரும் புதிதாக எதுவும் சொல்லக் கூடாது. பாத்ரூம் எங்கே என்று சொல்லலாம், அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்லலாம். மற்றபடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நடிகையிடம் யாரோ, “உங்க பழைய ஹீரோவும் இன்னிக்கு ஆடியன்ஸ்ல இருக்கார்” என்று சொல்லப்போக, அவர் பாதி மேக்கப்போடு காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

வேலை கற்றுக்கொண்டது ஒரு கால்பந்தாட்டக்காரர் வீட்டில். ஊரே கொண்டாடின மனுஷர், எதற்கும் ஒரு வார்த்தைதான் பதில். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. எழுந்திருக்கும்போது ஜன்னலில் வெயிலுக்கு வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலைக் காட்டி, “யார் போட்டது?” என்று சும்மா கேட்டேன். அவர்தான். எலுமிச்சைக்கு எத்தனை நாள் வெயில், மாங்காய்க்கு எத்தனை நாள் என்று நாற்பது நிமிஷம் பேசினார். நிகழ்ச்சியில் ஷுபோவும் அவரும் ஊறுகாயைப் பற்றியே பேசினார்கள். கோல் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஜனங்கள் தெருவில் நிறுத்தி விசாரிக்கும்படி ஓடியது அந்த வாரம்.

இனி கோகுல் பாபுவைப் பற்றி.

வங்காளிப் படங்களில் நாற்பது வருஷம் சிரிக்க வைத்தவர். முதல் படத்தில் அவருக்கு ஒரு மதராசி வேஷம். கணக்கர், தொப்பை, வேட்டி, நெற்றி நிறையப் பட்டை. எதற்கெடுத்தாலும் தலையில் கைவைத்து, “ஐயோ ராமா, ஆமி கீ கோர்பே!” என்பார். ‘நான் என்ன செய்வேன்’ என்பதற்கு ‘கோர்போ’ என்று வர வேண்டும். ‘கோர்பே’ என்றால் ‘நான் என்ன செய்வான்’ என்பது மாதிரி. அந்த ஒரு எழுத்துக்குத்தான் தியேட்டர் அதிர்ந்தது. பிறகு எந்தப் படத்தில் எந்த வேஷம் போட்டாலும், பூஜைப் பந்தல் மேடைகளில் ஜனங்கள் அந்த வரியைத்தான் கேட்டார்கள். அவரும் சொன்னார்.

எனக்கு அந்த வரி வேறு விதமாகத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். அப்பா ஆபீஸிலிருந்து நேராக வந்தார். கும்பகோணத்திலிருந்து ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்தவர், வங்காளி அப்போதுதான் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தது. டீச்சரிடம் ஏதோ சொன்னார். என் பின்னால் இரண்டு பெண்கள், “கீ கோர்பே, கீ கோர்பே” என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். டிராமில் திரும்பி வரும்போது நான் சொன்னேன்: “அப்பா, இனிமே நான் இருக்கறச்சே பெங்காலி பேசாதீங்கோ.” அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “சரிம்மா” என்றார். அதற்குப் பிறகு என் சிநேகிதிகள் வந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். கடைத்தெருவில் நான் கூட இருந்தால் ஹிந்தியில் பேசி முடித்துக்கொள்வார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது.

அதனால் கோகுல் பாபு பெயர் பட்டியலில் வந்தபோது, வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். அமியோ-தாவிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் நானே போனேன்.

லேக் கார்டன்ஸில் முதல் மாடி. கதவைத் திறந்தவர் மெலிந்த, உயரமான மனுஷர். தொப்பையெல்லாம் தலையணையாம். என் பெயரைக் கேட்டதும், “பசந்தாவா, வசந்தாவா?” என்றார். வங்காளிகள் வாயில் எல்லா ‘வ’வும் ‘ப’ ஆகிவிடும். அத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“வசந்தா. தமிழ்” என்றேன்.

அவர் டீ கொண்டுவரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் அழகாகப் பேசினார். நான்கு அட்டைகளுக்குக் கதை கிடைத்துவிட்டது. நான் நோட்டை மூடப் போனேன்.

“ஒண்ணு கேக்கலாமா? இது நிகழ்ச்சிக்கு இல்லை” என்றார். நாங்கள் பேசியது வங்காளியில். நான் தமிழில் எழுதுகிறேன்.

“சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி இங்க பக்கத்துல ஒரு வீட்ல கீழ் ரூம்ல வாடகைக்கு இருந்தேன். மாடியில ஒரு தமிழ்க் குடும்பம். ஷங்கர் பாபு. முழுப்பேரு சங்கரலிங்கம்.” ‘ங்க’வும் ‘லி’யும் சுத்தமாக விழுந்தன. “பேங்க்ல வேலை. எனக்கு ஜுரம் வந்தா அவர் சம்சாரம் ரசம் கொடுத்தனுப்புவாங்க. ஒரு நாளைக்கு டைரக்டர் மதராசி வேஷம்னு சொன்னதும் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கலை. நடை, தலையாட்டல், எல்லாம் ஷங்கர் பாபுதான். தப்புத்தப்பா பேசறதை மட்டும் நான் பத்து மடங்கு ஆக்கினேன். படம் வெளியான முதல் நாள் அவங்க நாலு பேரையும் நானே கூட்டிட்டுப் போனேன். நல்ல டிக்கெட். நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன், அவர் எப்ப சிரிப்பார்னு பாக்கறதுக்கு.”

“சிரிச்சாரா?”

“முதல் சீன்ல சிரிச்சார். மூணாவது சீன்ல சின்னப் பொண்ணு அவர் காதுல என்னமோ கேட்டது. அவர் சம்சாரத்துகிட்ட ஒரு வாக்கியம் சொன்னார். எந்திரிச்சுப் போயிட்டாங்க. அடுத்த மாசம் வீடும் மாத்திட்டாங்க. போறப்பகூட என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, நீ நல்லா வருவேன்னுதான் சொன்னார். எனக்குத் தமிழ் தெரியாது. ஆனா கேட்டது மறக்காது, அது என் தொழில். அந்த வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கு. அர்த்தம் சொல்வியா?”

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொன்னார். அந்தக் குரல் கோகுல் பாபுவுடையது இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர் ஒருவர், சத்தம் போடாமல், பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று சொல்கிற குரல்.

“ஏளா, எந்தி, போவோம். அப்பா இப்படித்தாம் பேசுவாவளான்னு புள்ளைய கேக்குதுவ.”

நாற்பது வருஷம் அர்த்தமே தெரியாமல், ஒரு எழுத்து சிந்தாமல் வைத்திருந்திருக்கிறார். நான் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“இத்தனை வருஷமா யார்கிட்டயும் கேக்கலையா?”

“கேட்டா தெரிஞ்சு போயிடுமே” என்றார். “திட்டினாரா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். வயது எழுபதுக்கு மேல். போன வருஷம்தான் இதய அறுவை சிகிச்சை. “இல்லை” என்றேன். “தலைவலிக்குது, வீட்டுக்குப் போலாம்னு சொல்லியிருக்கார்.”

“தலைவலியா?”

“தலைவலி.”

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “நாற்பது வருஷம் பயந்துட்டிருந்தேன், தலைவலியாம்! அம்மா, இதைத்தான் நான் ஷோவில சொல்லப் போறேன். ஐந்தாவது அட்டை இதுதான்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆபீஸுக்கு வந்து அட்டை எழுதினேன். முதல் படம், மாடி வீட்டுக் குடும்பம், தியேட்டர், புரியாத வாக்கியம். ‘அர்த்தம் தெரிந்ததா என்று கேள்’ என்பதோடு நிறுத்தினேன். வெள்ளைத் தாளில் ‘தலைவலி’ என்று எழுதினேன். அமியோ-தா படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். “இந்த வருஷத்திலேயே நல்ல முடிவு இது. கடைசியாக வைப்போம். இது முடிந்ததும் பழைய வரியைச் சொல்லச் சொல்லி ஷுபோ கேட்பான், இசை, முடிந்தது” என்றார்.

அந்த ஒரு வாரமும் எனக்கு இதே யோசனைதான். பொய் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பொய் சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஊர் முழுவதும் கேட்கப் போகிறது. சங்கரலிங்கத்தின் பிள்ளைகள் இப்போது நடுவயதுக்காரர்களாக எங்கேயோ இருப்பார்கள். அப்பா எதற்காக எழுந்து வந்தார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது தலைவலி என்று கோகுல் பாபு சொல்வார், ஊரே கைதட்டும். டிராமில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட என் அப்பாவுக்குத் தலைவலி என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

வியாழக்கிழமை. படப்பிடிப்புக்கு நாற்பது நிமிஷம் இருக்கும்போது மேக்கப் அறைக்குப் போனேன். அவர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். மேக்கப்காரரை வெளியே அனுப்பினேன்.

“கோகுல்-தா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்.”

அவர் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். “தலைவலி இல்லையா?”

“இல்லை.” வாக்கியத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னேன். பிறகு, சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல், டிராமில் நான் அப்பாவிடம் சொன்னதையும் சொன்னேன். எதனால் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர்மேல் பழி போடுவதற்கு இல்லை. பழியில் எனக்கும் பங்கு இருந்தது என்று சொல்லத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்தார். மெதுவாக, நான்காக மடித்தார்.

“அந்தச் சின்னப் பொண்ணு காதுல கேட்டது இதுதானா” என்றார்.

“இன்னிக்கு வேண்டாம்னா நான் அமியோ-தாகிட்ட பேசறேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்.”

“இன்னொரு தலைவலியா?” என்றார். சிரிக்கவில்லை. “நீ போம்மா. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மட்டும் அனுப்பு.”

கட்டுப்பாட்டு அறையில் அமியோ-தாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முதல் நான்கு அட்டைகளுக்கு கோகுல் பாபு பிரமாதம். ஜனங்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஷுபோ ஐந்தாவது அட்டையை எடுத்தான்.

அவர் சங்கரலிங்கத்தின் கதையைச் சொன்னார். ஆனால் எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. சங்கரலிங்கம் உண்மையில் எப்படி வங்காளி பேசுவார் என்று பேசிக் காட்டினார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்து வைக்கிற மாதிரி. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாய்ப்புத் தேடிக் கிளம்பும் கோகுலைப் படிக்கட்டில் நிறுத்தி, “கோகுல், டைரக்டருக்கும் கண் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போவாராம். ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் சங்கரலிங்கத்தைக் கேலி செய்து சிரிக்கவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு நல்ல மனுஷரைப் பற்றிச் சிரிக்கிற சிரிப்பு அது.

பிறகு தியேட்டர். பின் வரிசை. அந்த வாக்கியம், அதே தணிந்த குரலில். ஸ்டுடியோவில் ஒருவருக்கும் புரியவில்லை.

ஷுபோ அட்டைப்படி கேட்டான்: “அர்த்தம் எப்பவாவது தெரிஞ்சுதா, கோகுல்-தா?”

அமியோ-தா இரண்டாவது காமிராவைத் தயாராகச் சொன்னார். பார்வையாளர்களைக் காட்டும் காமிரா.

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்றார் கோகுல் பாபு. “வா, போலாம். அப்பா இப்படித்தான் பேசுவாரான்னு குழந்தைங்க கேக்கறாங்க. அதுதான் அர்த்தம்.”

ஏசி ஓடும் சத்தம் கேட்டது. ஷுபோ அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமைதான்.

“அதுல வேற என்னமோ எழுதியிருந்திருக்கும், பாவம். நல்லா தேடிப் பாரு” என்றார் கோகுல் பாபு.

வந்ததே ஒரு சிரிப்பு. ஷுபோவே மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் ஜனங்கள் சேர்த்து விட்ட மாதிரி இருந்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு காமிராவைப் பார்த்தார்.

“அந்தக் குழந்தைங்க எங்க இருக்காங்களோ தெரியாது. இப்ப பெரியவங்களாயிருப்பாங்க. அம்மா, தம்பி, உங்க அப்பா அப்படிப் பேசலை. நான்தான் அப்படிப் பேசினேன்.”

அறையில் இருந்த எல்லோரும் அமியோ-தாவைப் பார்த்தோம். இடைவேளை விடலாம், பார்வையாளர்களைக் காட்டலாம், இசையை ஏற்றலாம். அவர் கையை மட்டும் உயர்த்தி, “அவர் முகத்திலேயே இருங்கள். யாரும் எதையும் தொடாதீர்கள்” என்றார். ஷுபோ அட்டைகளைச் சேர்த்துக் கவிழ்த்து வைத்தான். பழைய வரியைக் கேட்கவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான். அத்தனை வருஷத்தில் அவன் மேஜையை விட்டு எழுந்தது அன்று ஒருநாள்தான்.

எல்லோரும் போன பிறகு அமியோ-தா என்னைக் கூப்பிட்டார். வெள்ளைத் தாள் அவர் முன்னால் இருந்தது.

“ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் அவரிடம் பேசினீர்களா?” என்றார். ‘ஆப்னி’ போட்டு.

“பேசினேன்.”

“தலைவலி என்பது உங்கள் கற்பனையா?”

“ஆமாம்.”

பென்சிலால் ‘தலைவலி’யை அடித்தார். “எனக்குக் கொடுக்கும் தாளில் பொய் எழுதியது முதல் தவறு. சட்டத்தை மீறி மேக்கப் அறைக்குப் போனது இரண்டாவது தவறு. இரண்டாவது தவறைச் செய்திருக்காவிட்டால், முதல் தவறுக்காக உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.” தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “போ, டீ குடி” என்றார். மறுபடி ‘துமி’ வந்துவிட்டது.

எதையும் வெட்டாமல் ஒளிபரப்பினார்கள். வாரம் முழுவதும் தொலைபேசி அடித்தது. சிலர் அந்த வரியைச் சொல்லாததற்கு வருத்தப்பட்டார்கள். சங்கரலிங்கம் குடும்பத்திலிருந்து யாரும் பேசவில்லை. கோகுல் பாபு இரண்டு மூன்று முறை போன் செய்து, “ஏதாவது வந்ததா?” என்று கேட்டார். வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். “பரவாயில்லை” என்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அவர் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த வரியைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஒளிபரப்பான மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மறு ஒளிபரப்பு. அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருந்தார். நானும் அப்பாவும் பார்த்தோம். கோகுல் பாபு காமிராவைப் பார்த்துச் சொன்ன இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முடிந்ததும், “அந்த வாக்கியம் திருநெல்வேலிப் பேச்சு. நல்லாப் பிடிச்சிருக்கான்” என்றார். நான் டிவியை அணைக்க எழுந்தபோது வாசல் மணி அடித்தது.

எதிர் ஃபிளாட் காக்கிமா; ‘சித்தி’ என்று கூப்பிடுகிற மாதிரி. வங்காளி அம்மாள், எங்கள் மாடிக்குக் குடிவந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் எப்போதும் ஆபீஸில் இருப்பதால் படிக்கட்டில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் அப்பா வழக்கம்போல் எழுந்து உள்ளே போகக் கிளம்பினார்.

“அப்பா, உக்காருங்கோ” என்றேன். “போக வேண்டாம். பேசுங்கோ.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, காக்கிமாவிடம் பேச ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்த அப்பாவின் வங்காளி, பள்ளிக்கூட வராந்தாவில் தடுமாறிய வங்காளி. இது அது இல்லை. சரளமாக, இடையில் ஒரு வேடிக்கை வைத்து, காக்கிமாவின் மகன் கடிதத்தைப் பற்றி, ஏரிக்கரையில் காலையில் நடக்க வருகிற யாரோ ஒரு டாக்டரைப் பற்றி. கொஞ்சம் தமிழ் அழுத்தம் இருந்தது. அதுவும் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நான் விழித்துக்கொண்டு நிற்பதைக் காக்கிமா பார்த்துவிட்டார். “என்னம்மா? உன் அப்பா, எங்கள் மேஷோமொஷாய், பேசி நீ கேட்டதே இல்லையா? தினம் காலையில் ஏரிக்கரையில் எங்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவரே அவர்தானே!”

“எப்போப்பா கத்துண்டேள்?” என்றேன் தமிழில்.

“நீ அன்னிக்கு டிராம்ல சொன்ன மறுவாரமே. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட, டிபன் வேளையில, அட்சரத்துலேர்ந்து.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா.”

“நீ இருக்கறச்சே பேச வேண்டாம்னே” என்றார் அப்பா. “நீ இல்லாதப்போ பேசக் கூடாதுன்னு சொல்லலையே.”

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு வேளைவரை அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.